மின்கம்பியும் மின்கம்பமும்: கிராமப்புற இணையம் குறித்து அமெரிக்க மின் கூட்டுறவுகளின் அனுபவம்

மின்கம்பி வழியே செய்தி போகுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. 110 கிலோவோல்ட் துணை மின்நிலையம் ஒன்றின் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தால், உள்ளே வந்திறங்கும் கம்பியோடு பீப்பாய் அளவிலான கம்பிச்சுருள் ஒன்று இணைந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். அதற்கு ‘வேவ் டிராப்’ என்று பெயர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது தடையின்றி விட்டுவிடும். கம்பியில் ஏற்றி அனுப்பிய உயர் அதிர்வெண் சமிக்ஞை மட்டும் நிலையத்துக்குள் கசிந்து வீணாகாமல் தடுக்கும். மின்வாரிய ஊழியர்கள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்தோடு பேசவும், பாதுகாப்பு ரிலேக்களுக்குக் கட்டளை அனுப்பவும் பல பத்தாண்டுகளாக இந்த ஏற்பாடு பயன்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பேச்சுத்தடத்துக்கு வேண்டியது 4 கிலோஹெர்ட்ஸ்தான். இடையில் கிளைகள் அதிகமில்லை, வீடுகளும் இல்லை. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் இணையம் தருவதென்றால் அளவும் சூழலும் அடியோடு மாறிவிடுகின்றன. ஆகவே, யாருக்கு, எவ்வளவு, என்ன செலவில் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு ஏட்டறிவு தரும் விடையை விட அமெரிக்கக் கிராமங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விடை தெளிவானது.

2004 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் மின்கம்பிவழி இணையத்துக்கான விதிகளை வெளியிட்டது. 1.705 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அதற்கு இடம் கிடைத்தது. 2007-க்குள் நாடெங்கும் எல்லோருக்கும் பிராட்பேண்ட் என்று அதிபர் புஷ் அறிவித்திருந்த ஆண்டும் அதுவே. தொலைபேசிக் கம்பி, கேபிள் டிவி கம்பி இரண்டுக்கும் போட்டியாக மூன்றாவது கம்பி ஒன்று எல்லா வீட்டுக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும் என்பதே வாதத்தின் சாரம். கேட்பதற்கு இதைவிட நியாயமான வாதம் இருக்க முடியாது. அதில் ஒளிந்திருக்கும் பிழை பலர் கண்ணுக்குத் தப்பியதும் அதனால்தான்.

தோல்வியை ஆராய்பவர்கள் இரண்டு கதைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் நகரம் 2005-ல் ஊர் முழுதும் மின்கம்பிவழி இணையம் கொண்டுவந்தது. 2010-ல் அதைக் கைவிட்டது. அங்கே கேபிளும் டிஎஸ்எல்லும் இருந்தன. வேகமான சேவை பக்கத்திலேயே கிடைக்கும்போது மெதுவான சேவையை யார் வாங்குவார்கள்? அது சந்தைத் தோல்வி, விளக்குவது எளிது. ஆனால் அதே வர்ஜீனியாவில் புளூ ரிட்ஜ் மலையடிவாரத்து நெல்சன் மாவட்டத்தில் நடந்ததை அப்படி விளக்க முடியாது. அங்கே அப்போது பல வீடுகளுக்கு டயல்-அப் அல்லது செயற்கைக்கோள் தவிர வேறு போக்கே இருக்கவில்லை. போட்டியே இல்லாத அந்த இடத்திலும் திட்டம் நிலைக்கவில்லை. நம் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நெல்சனில் இந்தச் சேவையை நடத்தியது அலபாமாவைச் சேர்ந்த ஐபெக் என்ற நிறுவனம். மத்திய வர்ஜீனியா மின் கூட்டுறவு போன்ற, உறுப்பினர்களுக்கே சொந்தமான அமைப்புகளோடு அது கைகோத்தது. 2008 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் 96 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கருவிகளை நிறுவும் பொறுப்பை ஏற்றது. ஏழு மாநிலங்களில் சுமார் 3,40,000 வீடுகளை எட்டுவது திட்டம். அமெரிக்க வேளாண் துறை 7 கோடி டாலர் குறைந்த வட்டிக் கடன் ஒதுக்கியது. பெரிய நிறுவனத்தின் பெயர், அரசின் பணம், ஏங்கிக் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் அமைந்தும் 2012 தொடக்கத்தில் ஐபெக் கடையை மூடியது. 2011 ஏப்ரலில் அலபாமாவைப் புரட்டிப்போட்ட சூறாவளிகள் கருவிகளைச் சேதப்படுத்தியது உண்மை. என்றாலும் ஒரு சூறாவளியில் எழ முடியாமல் விழும் தொழில் அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஏன் தள்ளாடியது? ஒரு சிறு கணக்குப் போட்டால் புரியும். அமெரிக்க மின் கூட்டுறவுகளின் கம்பியில் சராசரியாக மைலுக்கு 8 இணைப்புகள் இருக்கின்றன. தனியார் மின் நிறுவனங்களுக்கோ 30-க்கும் மேல். மைலுக்கு எட்டு என்றால் கிலோமீட்டருக்கு ஐந்து. உயர் அதிர்வெண் சமிக்ஞை மேல்நிலைக் கம்பியில் போகப்போகத் தேயும், ஒவ்வொரு கிளைப்பிரிவிலும் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பும். எனவே இடையிடையே அதை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். கணக்குக்காக 800 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிப்பீட்டருக்கு நான்கு வீடு. மூன்றில் ஒரு வீடு சந்தா கட்டினால் கருவி ஒன்றுக்கு ஒருவரோ இருவரோ கட்டும் மாதப் பணம்தான் வருமானம். அந்தப் பணத்தில் கருவியின் விலையும், 7,200 வோல்ட் கம்பியில் அதை மாட்டப் பக்கெட் லாரியோடு போகும் லைன்மேனின் கூலியும், இடி விழுந்து கருகினால் மாற்றும் செலவும் அடங்க வேண்டும். ‘கம்பி ஏற்கெனவே இருக்கிறது’ என்ற வாதம் கவனிக்கத் தவறியது இதைத்தான். கம்பிக்குச் செலவில்லை, ஆனால் கம்பியைப் பேசவைக்கும் கருவிகளுக்குத் தூரத்துக்குத் தூரம் செலவு உண்டு. கிராமத்தின் பழைய சிக்கலும் தூரம்தான்.

மின் வலையமைப்பின் கட்டமைப்பு இதை இன்னும் மோசமாக்கியது. அமெரிக்கக் கிராமங்களில் ஒன்றிரண்டு வீட்டுக்கு ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்திலேயே தொங்கும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே உயர் அதிர்வெண் சமிக்ஞை உருப்படியாகக் கடந்து போவதில்லை. அதைச் சுற்றிக் கொண்டுபோகத் தனி இணைப்புக் கருவி மாட்ட வேண்டும், அல்லது அங்கிருந்து வீட்டுக்கு வைஃபையில் அனுப்ப வேண்டும். மின்னழுத்தம் சீராக இருப்பதற்கென்று வைத்த கெப்பாசிட்டர் தொகுதிகள் சமிக்ஞையை விழுங்கிவிடும். தளர்ந்த ஆணி, விரிசல் விட்ட பீங்கான் இன்சுலேட்டர் ஆகியவற்றில் பொறி பறந்தால் மின்சாரம் பாதிப்பின்றிப் போய்க்கொண்டிருக்கும், இணையம் மட்டும் திணறும். விளக்கு எரிகிறதா என்று பார்த்தே பழகிய மின் ஊழியர்களுக்கு இது முற்றிலும் புதிய வகைப் பழுது.

வானொலி இடையூறே இத்தொழில்நுட்பத்தைக் கொன்றது என்று எழுதுபவர்கள் உண்டு. உறையிடப்படாத மேல்நிலைக் கம்பி ஆண்டெனா போல அலையை வெளியே சிந்தும் என்பது மறுக்க முடியாதது. அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் வழக்குத் தொடுத்தது. ஆணையம் தன் பொறியாளர்களின் ஆய்வறிக்கைகளில் சில பகுதிகளை மறைத்துவிட்டு விதி இயற்றியது தவறு என்று 2008-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆணையத்தின் நடத்தைக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆனால் இடையூறு வரும் அலைவரிசைகளை வெட்டி ஒதுக்கிவிட்டுச் சேவையைத் தொடரத் தொழில்நுட்பம் இடம் கொடுத்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை வேகக் குறைவு. இடையூறு என்பது ஏற்கெனவே நலிந்த கணக்கில் விழுந்த மற்றொரு கழித்தல். அலைக்கசிவே இல்லாத கம்பியாக இருந்திருந்தாலும் நெல்சன் மாவட்டத்துக் கணக்கு தேறியிருக்காது.

இந்த வட்டத்தை அமெரிக்கக் கிராமங்கள் ஏற்கெனவே ஒருமுறை சுற்றி வந்தவை. 1935-ல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் தொடங்கியபோது பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கூட்டுறவுகள் கம்பி இழுத்தபின், அதே கம்பியில் தொலைபேசியையும் அனுப்பலாமே என்ற யோசனை வந்தது. 1940-களின் நடுவில் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோ அருகே பெல் நிறுவனம் அதைச் செய்தும் காட்டியது. பேச்சு கேட்டது. ஆனாலும் கிராமத் தொலைபேசி அந்த வழியில் பரவவில்லை. 1949-ல் சட்டத்தைத் திருத்தித் தொலைபேசிக்கென்று தனியே கடன் கொடுத்தார்கள். தனிக் கம்பிதான் வென்றது.

இணையத்திலும் அதுவே நடந்தது. ஐபெக்கோடு முயன்று தோற்ற அதே மத்திய வர்ஜீனியா மின் கூட்டுறவு, 2018-ல் ‘ஃபயர்ஃபிளை’ என்ற பெயரில் ஒளியிழைச் சேவையைத் தொடங்கியது. ஊரும் உறுப்பினர்களும் கம்பங்களும் அவையே. மாறியது கம்பத்தில் தொங்கும் இழை மட்டும். மின்கடத்தாப் பொருளாலான அந்தக் கேபிளை மின்கம்பிக்குச் சற்றுக் கீழே கட்டலாம். சமிக்ஞை 20 கிலோமீட்டர் வரை இடையில் மின்கருவி எதுவும் இல்லாமல் போகும். வழியில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடித் துண்டு மட்டுமே. இழுக்கும் செலவு முதலில் பெரிதுதான். ஆனால் நான்கு வீட்டுக்கு ஒரு கருவியைக் காலமெல்லாம் பேணும் செலவு இல்லை. மின்கம்பியைப் ‘பயன்படுத்தாத’ தீர்வுதான் மின்வலையமைப்பை உண்மையில் பயன்படுத்திக்கொண்டது. கூட்டுறவிடம் இருந்த அரிய சொத்து கம்பமும், பிறர் நிலத்தின் வழியே கம்பி கொண்டுபோகும் வழியுரிமையும், இலாபத்தை மட்டும் பார்க்காமல் முப்பதாண்டுக் கடனைத் தாங்கும் உறுப்பினர் அமைப்பும்தான்.

இந்தியாவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பல பத்து வீடுகள் பங்கிடுவதால் இங்கே கணக்கு தேறும் என்று யாரேனும் வாதிடலாம். ஓரளவு நியாயமான வாதம்தான். ஆனால் நம் தாழ்வழுத்தக் கம்பிகள் நீண்டவை, முறுக்கிவிட்ட இணைப்புகள் நிறைந்தவை, பம்புசெட் மோட்டார்களின் இரைச்சலைச் சுமப்பவை. பழுது பார்க்க லைன்மேன் கம்பியைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்தால் மின்சாரத்தோடு சமிக்ஞையின் பாதையும் அங்கேயே அறுபடும். நம் மாநிலங்கள் இந்தச் சோதனைக்குள் பெரிய அளவில் இறங்காமல் கம்பத்துக்குப் போனது நல்ல முடிவு. ஆந்திரத்தின் ஃபைபர்நெட், கேரளத்தின் கே-ஃபோன், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபினெட் ஆகியவை ஒளியிழையை மின்கம்பங்களின் மேல் கொண்டுபோகும் திட்டங்கள்.

கம்பமும் இலவசமில்லை. மிசௌரியில் ஷோ-மீ என்ற மின் கூட்டுறவு தன் ஒளியிழையில் உபரியாக இருந்த கொள்ளளவை வாடகைக்கு விட்டது. மின்சாரத்துக்கென்று கொடுத்த வழியுரிமையில் இணைய வணிகம் எப்படி நடத்தலாம் என்று நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் நடுவர் குழு சுமார் 7.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை நீக்கினாலும் அத்துமீறல் நடந்ததை ஏற்றது. அதே 2017-ல் இண்டியானா மாநிலம், மின்சாரத்துக்கான வழியுரிமையை இணையத்துக்கும் பயன்படுத்தக் கூட்டுறவுகளுக்கு வழிவிடும் சட்டம் ஒன்றை இயற்றியது. வேறு பல மாநிலங்களும் தொடர்ந்தன. கிராமத்துக்கு மின்கம்பத்தில் இணையம் வர வேண்டுமானால், முதல் சுருள் கேபிள் வாங்குமுன் எழுதி முடிக்க வேண்டிய பத்திரம் இது: கம்பம் யாருடையது, அது நிற்கும் வரப்பு யாருடையது, வாடகை யார் யாருக்கு.