சின்னதாக்கியது 1894, சௌகரியமாக்கியது அதுக்கப்புறம்

இன்றைக்கு "காம்பாக்ட்" என்று பெட்டியில் போட்டு விற்கும் பைனாகுலர்களில் 8×20 ரொம்ப சகஜமான அளவு. எட்டு மடங்கு பெருக்கும். முன்பக்க லென்ஸின் விட்டம் 20 மி.மீ. யேனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனம் 1894இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த பட்டக பைனாகுலர்களிலும் ஒரு 8×20 இருந்தது. கூட வந்த மற்ற இரண்டும் இன்னும் பொடிசு: 4×11, 6×15. ஆக, கையடக்கம் ஒன்றும் புது விஷயமில்லை. அதைக் கண்ணில் வைத்துப் பத்து நிமிஷம் சிரமமில்லாமல் பார்க்க முடியுமா என்பதுதான் வேறு கதை.

எனக்கு இதில் அக்கறை வந்தது கல்வெட்டுகளால். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் தமிழி எழுத்துகள் பெரும்பாலும் குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய காடியை ஒட்டி, தலைக்கு மேலே இருக்கும். மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924இல் எடுத்துச் சொன்னார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் பட்ட கோடுகள். ஏறித் தொட்டுப் பார்ப்பது முறையில்லை. கீழே நின்றபடியே வாசிக்கணும்னா பைனாகுலர்தான் வழி.

இரண்டு கண்ணால் பார்க்கும் ஆசை தொலைநோக்கி பிறந்த அன்றே பிறந்தது. 1608இல் ஹான்ஸ் லிப்பர்ஹே தன் கருவியை டச்சு அரசிடம் காட்டினார். 'இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் செய்து கொடு' என்றுதான் அவர்கள் கேட்டார்கள். ஆனால் குவிலென்ஸும் குழிலென்ஸும் வைத்த அந்த அமைப்பில் பெருக்கத்தைக் கூட்டினால் காட்சி சாவித் துவாரம் மாதிரி சுருங்கிவிடும். நாடக அரங்குகளுக்குக் கொண்டுபோன சின்னக் கண்ணாடிகள் மூன்று நாலு மடங்கோடு நின்றது அதனால்தான். இரண்டும் குவிலென்ஸாக இருக்கட்டும் என்றார் கெப்ளர், 1611இல். காட்சி விரிந்தது, ஆனால் தலைகீழாக! நிமிர்த்த இன்னும் லென்ஸ் சேர்த்தால் குழாய் நீளமாகும்.

இத்தாலிக்காரர் இக்னாசியோ போர்ரோ 1854இல் காப்புரிமை பெற்ற பட்டக ஜோடி இரண்டையும் ஒரே வீச்சில் தீர்த்தது. ஒளியை மடக்கி மடக்கி அனுப்புவதால் குழாய் குட்டையாகிறது. அந்த மடிப்பிலேயே பிம்பமும் நிமிர்கிறது. (நம்ம மொழியில் சொன்னா ஒரே ஃபங்ஷன், ரெண்டு பக் க்ளோஸ்.) ஆனால் அதற்கேற்ற தெளிவான கண்ணாடி அப்போது கிடைக்கவில்லை. யேனாவில் ஓட்டோ ஷாட் 1884இல் கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கிய பிறகுதான் எர்ன்ஸ்ட் அபேயால் அந்த 1894 மாடல்களுக்கு வர முடிந்தது.

சரி, சௌகரியம்? பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பாருங்கள். கண் பக்க லென்ஸில் சின்னதாக ஓர் ஒளிவட்டம் தெரியும். முன் லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு. 8×20க்கு 2.5 மி.மீ., 8×25க்கு 3.1, 8×32க்கு 4. நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் இரண்டு மூன்று மி.மீ.தான். அதனால் உச்சிப்பொழுதில் 8×20உம் பளிச்சென்றே தெரியும். ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், கண் ஒரு துளி விலகினாலும் விளிம்பில் கருப்பு கவியும். சும்மா சும்மா நகர்த்திச் சரிசெய்துகொண்டே இருக்கணும். தலைவலி அங்கேதான் ஆரம்பிக்குது.

கல்வெட்டு வாசிக்கிறவனுக்கு இது இரட்டைச் சிக்கல். வெட்டு ஆழமில்லாத எழுத்து நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வொளி விழும்போதுதான் கோடு எழும்பித் தெரியும். அதுவும் பாறை நிழலில். அந்த நேரம் பாவை விரிந்திருக்கும், 2.5 மி.மீ. வட்டம் போதாது. எந்த நேரத்தில் எழுத்து தெரியுமோ அந்த நேரத்தில் சின்ன பைனாகுலர் காலை வாருகிறது.

அடுத்தது மூக்குக்கண்ணாடி. பழைய கருவிகளில் கண்ணை லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் முழுக்காட்சி. கண்ணாடி போட்டவர்களுக்கு நடுத்துண்டு மட்டும் கிடைக்கும். 1950களின் இறுதியில்தான் ஸைஸ் கண்ணாடி அணிபவர்களுக்கென்றே 8×30 மாடல் ஒன்றை 'பி' என்ற எழுத்தோடு விட்டது. ஜெர்மனில் ப்ரில்லே என்றால் மூக்குக்கண்ணாடி. சின்னதாக்கியதற்கும் இதற்கும் நடுவில் அறுபது வருஷத்துக்கு மேல். நாற்பதைத் தாண்டிய எனக்கு 1894ஐவிட அந்த 'பி'தான் பெரிய கண்டுபிடிப்பு. வாங்கும்போது கண்ணுக்கும் லென்ஸுக்கும் விடவேண்டிய தூரம் 15 மி.மீ.க்குக் குறையாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் கழுத்தில் தொங்குவது 8×32. சட்டைப்பையில் போகாது, அரைக்கிலோ சொச்சம். இரண்டு மீட்டரிலிருந்தே ஃபோகஸ் ஆவதால், எழுத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்தாலும் கூர்மையாகத் தெரிகிறது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகிறவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே தமிழி கல்வெட்டும் உண்டு, பாறை முகடுகளில் லகர் வல்லூறும் உண்டு. காலையில் கல்வெட்டை முடித்துவிட்டு அப்படியே மேலே திருப்புங்கள்.