விழுக்காட்டுக் குறியின் வளர்ச்சி: இணைய முகவரிகளில் உரைக் குறியாக்கம் (1994–2005)

இணையப் பக்க இணைப்புகளில் உரை மதிப்புகளைச் சிதையாமல் கொண்டுசெல்ல இன்று உலகெங்கும் வழங்கும் முறை, விழுக்காட்டுக் குறியையும் (%) அதையடுத்து வரும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களையும் கொண்டது. பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையே பதினாறடிமானம்; ஆஸ்கி அட்டவணையில் இடைவெளிக்குரிய எண்ணாகிய 32 அம்முறையில் 20 என எழுதப்படுவதால், முகவரியில் இடைவெளி %20 ஆகிறது. இத்தனை எளிய விதி நிலைபெறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எழுத்துகளைக் குறிப்பதாகப் பயனாளர் கருதிய அக்குறி, உண்மையில் பைட்டுகளை மட்டுமே குறித்ததுதான் அத்தாமதத்தின் முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

விதியின் முதல் முறையான பதிவு, டிம் பெர்னர்ஸ்-லீ 1994 ஜூனில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1630 ஆகும்; ஆர்.எஃப்.சி. என்பது இணைய நெறிமுறைகள் வெளியிடப்படும் ஆவண வரிசையின் பெயர். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் லாரி மாசின்டரும் மார்க் மெக்காஹிலும் இணைந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 1738, எந்தெந்தக் குறிகள் பாதுகாப்பற்றவை என்பதைக் காரணத்தோடு வகுத்தது. இடைவெளி, அச்சிடும்போதும் வரி மடக்கும்போதும் மறைந்துபோகக் கூடியது. கோண அடைப்புகளும் இரட்டை மேற்கோளும் உரைக்கு நடுவே முகவரியின் எல்லையைக் காட்டப் பயன்பட்டவை. சதுர அடைப்பு, நெளிகோடு போன்றவை வழியில் உள்ள அஞ்சல் வாயில்களால் மாற்றப்படுபவை. அக்காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் ஏழு-பிட் எழுத்துத் தொகுதிகளில் இக்குறிகளின் இடத்தில் உள்நாட்டு எழுத்துகள் அமர்ந்திருந்தமையை நோக்கினால், அந்த அச்சம் வீணானதன்று. எனினும் நெளிகோடு பல்கலைக்கழகப் பயனர்களின் பக்க முகவரிகளில் ஏற்கெனவே பரவிவிட்டதால், 1998 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 2396 அதைத் தடையற்ற குறிகளுள் சேர்த்தது. வழக்கு விதியை வென்ற இடம் இது.

பாதுகாப்பற்ற குறிகளைவிடச் சிக்கலானவை ஒதுக்கப்பட்ட குறிகள், அதாவது முகவரியின் உறுப்புகளைப் பிரிக்கும் பணிக்கென வைக்கப்பட்ட சாய்கோடு, கேள்விக்குறி, & முதலியவை. ஒரு நூலகத் தேடலில் ‘அகம்&புறம்’ என்னும் நூற்பெயரை ‘தலைப்பு=’ என்பதன் பின் அப்படியே ஒட்டினால், வழங்கிக் கணினி ‘தலைப்பு’ என்பதன் மதிப்பை ‘அகம்’ என்றும், ‘புறம்’ என்பதை மதிப்பற்ற வேறோர் அளபுரு என்றும் படிக்கும்; நடுக்குறியை %26 என மாற்றிய பின்னரே முழுப் பெயரும் போய்ச் சேரும். முகவரி முழுவதையும் இணைத்து முடித்தபின் குறியாக்கம் செய்ய முற்பட்டால், எந்த & பிரிப்பான், எந்த & மதிப்பின் பகுதி என்று எந்த நிரலாலும் அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். பெறுமிடத்தில் முதலில் பிரித்து, அதன்பின் ஒருமுறை மட்டுமே மீட்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அடிப்படையான ஈசிஎம்ஏஸ்கிரிப்ட், 1999 டிசம்பரில் வந்த தன் மூன்றாம் பதிப்பில் முழு முகவரிக்கு ஒன்றும் உறுப்புக்கு ஒன்றுமாக இரு செயற்கூறுகளைச் சேர்த்தது இவ்வேறுபாட்டை உணர்ந்தே. அதற்குமுன் இருந்த ஒற்றைச் செயற்கூறு, இலத்தீன் அல்லாத எழுத்துகளுக்கு எந்த முகவரித் தரத்திலும் இல்லாத நான்கிலக்க வடிவொன்றைத் தந்துவந்தது.

மீட்கும் வரிசை தவறியதன் விளைவு 2000, 2001 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் வழங்கி மென்பொருள், கோப்புறைக்கு வெளியே செல்லும் வழிகளைச் சோதித்துவிட்டு, அதன்பின் முகவரியை இரண்டாம் முறையும் மீட்டது. விழுக்காட்டுக் குறியே %25 என எழுதப்படுவதால், %2520 முதல் மீட்பில் %20 ஆகவும் இரண்டாவதில் இடைவெளியாகவும் ஆகும். இதே வழியில் சாய்கோட்டையும் சோதனையின் கண்ணில் படாமல் ஒளித்து அனுப்ப முடிந்தது. ஒரே பைட்டில் அடங்கும் சாய்கோட்டை இரண்டு பைட்டுகளாக நீட்டி எழுதும் வழியும் அம்மென்பொருளில் திறந்திருந்தது. இரண்டுக்கும் திருத்தங்கள் முன்னரே வெளியாகியிருந்தும், 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா என்னும் கணினிப் புழு இவ்விரு ஓட்டைகளையும் பயன்படுத்தியது.

பைட்டுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்தில் தெரியவில்லை, ஏனெனில் அங்கு எழுத்துக்கு ஒரு பைட் என்பது எங்கும் ஒன்றே. தமிழில் நிலை வேறு. 1990களின் இறுதியில் டிஸ்கி, டாப், டாம் முதலிய எட்டு-பிட் குறியாக்கங்கள் அருகருகே வழங்கின. ஒரே சொல் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பைட் தொடராக அமைந்தது. ‘தேடு’ என்பதில் டிஸ்கி கொம்பை முதலிலும் தகரத்தை அடுத்தும் வைக்க, யூனிகோடு தகரத்துக்குப் பின்னரே உயிர்க்குறியை வைப்பதால், வரிசையும் மாறியது. விழுக்காட்டுக் குறி இவற்றுள் எதையும் பிழையின்றிச் சுமந்தது. ஆனால் எது சுமக்கப்பட்டது என்று சொல்லவில்லை. உலாவிகளோ முகவரியின் பாதைப் பகுதியை ஒரு குறியாக்கத்திலும், கேள்விக்குறிக்குப் பின்வரும் வினவலைப் பக்கத்தின் சொந்தக் குறியாக்கத்திலும் அனுப்பி, ஒரே முகவரிக்குள் இரு குறியாக்கங்களை வைக்கலாயின.

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 இதற்குத் தீர்வாயிற்று. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 அதைப் பரிந்துரைத்தது. 2005 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 3986, புதிய முகவரி வகைகள் எழுத்துகளை முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிப் பின்னரே விழுக்காட்டு வடிவில் எழுத வேண்டும் என்றது. அதே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 3987, பிறமொழி எழுத்துகளை நேரடியாகத் தாங்கும் முகவரிகளுக்கு இலக்கணம் தந்தது. தமிழுக்கு இதன் விலை குறைவன்று: யூனிகோட்டில் ஐந்து குறிகளால் ஆகும் ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட்டுகளாகி, முகவரியில் 45 குறிகளாக நீள்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் இணைப்பை நகலெடுத்து ஒட்டும்போது வாசகர் காணும் நீண்ட சங்கிலி இதுவே.

2005க்குப் பின்னும் தீராதது கூட்டல் குறி. வினவலில் இடைவெளிக்குச் சுருக்கமாக ஆர்.எஃப்.சி. 1630 அனுமதித்த இக்குறி, 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 வழியாகப் படிவங்களின் விதியாகியது; பொது முகவரி இலக்கணமோ அதற்கு அப்பொருளைத் தரவில்லை. ஆதலால் இன்றைய உலாவிகளிலும், உறுப்புக்கான ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு இடைவெளியை %20 என்றும், படிவம் அதையே + என்றும் எழுதி அனுப்புகின்றன. மதிப்பிலேயே உண்மையான கூட்டல் குறி இருந்து அது மாற்றப்படாமல் போனால், படிவ முறையில் மீட்கும் வழங்கி அதை இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும்.