கையடங்கும் துபாஷி

தொலைக்காட்சியை அமர்ந்த இடத்திலிருந்தே இயக்கும் கருவியை அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950-இல் வெளியிட்டது. பெட்டியோடு அதனைப் பிணைத்த கம்பி, நடப்போர் காலைத் தடுக்கிற்று. 1955-இல் யூஜின் பாலி கம்பியை நீக்கி ஒளிக்கற்றையை ஏவினார். பெட்டியோ வெயிலையும் கட்டளையென ஏற்றது. மறு ஆண்டு ராபர்ட் ஆட்லர், அலுமினியத் தண்டுகளைத் தட்டி எழுப்பிய, செவிக்கு எட்டாத ஒலியால் அதனை ஆண்டார்.

1980-களில் அகச்சிவப்பு ஒளி பரவலாயிற்று. வீடியோ முதலிய கருவிகளும் வீடுகளில் பெருகின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறிமொழி வகுத்ததால், ஒன்றுக்கு இடும் கட்டளை மற்றொன்றுக்கு விளங்கவில்லை. மேசை மீது ரிமோட்டுகள் குவிந்தன.

ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1987-இல் 'கோர்' என்னும் கருவியைக் கொணர்ந்தார். பழைய ரிமோட்டை அதன் எதிரே வைத்துப் பொத்தானை அழுத்தினால், ஒளித்துடிப்புகளைக் கற்று, வேண்டும்போது அவ்வாறே திருப்பிச் சொல்லும். ஆயினும் அதற்குக் கற்பிப்பது சாமானியருக்கு எளிதாயில்லை.

பின்னர் வந்த 'ஹார்மனி' வரிசை அச்சுமையைக் குறைத்தது. கருவிகளின் பெயரையும் மாதிரி எண்ணையும் கணினியில் பதிந்தால் போதும்; குறிமொழிகள் தாமே வந்து சேரும். 'படம் பார்' என ஒரு பொத்தானை அழுத்தினால் வீட்டுத் திரையரங்கு முழுவதும் விழித்தெழும். 2021-இல் லாஜிடெக் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு: பன்மொழி அறிவதோடு துபாஷியின் கடமை முடிவதில்லை, அவனை ஏவுவோர்க்கு அம்மொழிகளின் பாரம் தெரியலாகாது.