வரமும் தாலந்தும்: மானிப்பாய் வைத்தியர் ஒருவரின் கதை



நமது சபைகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் இனிமையாகப் பாடுகிறார், இன்னொருவர் கணக்கில் கெட்டிக்காரர். இவை பிறவித் திறமைகளா, ஆவியானவர் தந்த வரங்களா? அந்நிய பாஷையில் செபிப்பவரை வரம் பெற்றவர் என்கிறோம். ஆராதனை முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இது பழைய கேள்வி. கி.பி. 55ஆம் ஆண்டளவில் பவுல் கிரேக்க நாட்டின் கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே பாஷை வரம் பெற்றவர்கள் மேன்மை பாராட்டியதால் பிணக்கு உண்டாகியிருந்தது. அக்கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில் சுகப்படுத்தல், தீர்க்கதரிசனம், பாஷைகள், அவற்றை வியாக்கியானம் பண்ணுதல் முதலிய 9 வரங்களைச் சொல்கிறார். பின்னர் ரோமருக்கு எழுதியபோது பணிவிடை, போதித்தல், பகிர்ந்து கொடுத்தல், இரக்கம் ஆகியவற்றையும் வரங்களாகவே எண்ணினார். எந்த வரமும் எல்லோருடைய பிரயோசனத்துக்காகவே கொடுக்கப்படுகிறது என்பதுதான் அவர் வைத்த அளவுகோல்.

திறமையைக் குறிக்க நாம் வழங்கும் 'தாலந்து' என்ற சொல் வேறு இடத்திலிருந்து வந்தது. பழங்காலத்தில் அது ஒரு நிறை. அந்த நிறையுள்ள வெள்ளிப் பணத்தையும் அது குறித்தது. ஒரு தாலந்து என்பது கூலியாள் ஒருவரின் ஏறத்தாழ 20 வருட உழைப்பு. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் எசமானின் உவமைக்குப் பிறகே அச்சொல் திறமை என்ற பொருளைப் பெற்றது. அந்த உவமையிலும் பணம் வேலைக்காரனுக்குச் சொந்தமல்ல, அவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

திறமை விசுவாசி, அவிசுவாசி என்ற பேதமின்றி எவருக்கும் பிறப்போடு வரும். வரம் சபையைக் கட்டியெழுப்ப ஆவியானவர் தருவது என்று போதகர்கள் விளக்குவார்கள். ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது இலகுவல்ல. அதற்கு நமது ஊரிலேயே சாட்சி உண்டு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நமது பிள்ளைகளுக்கு வைத்தியமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போனார்கள். ஊருக்குள் நின்று வைத்தியம் செய்ய ஆட்கள் வேண்டுமென்றால் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று கிறீன் முடிவுசெய்தார். 1860களில் அப்படியே செய்தார்.

அதற்குப் புத்தகங்கள் இல்லை. ஆகவே அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் கலைச்சொற்களைத் தேடியும் ஆக்கியும் மொழிபெயர்த்தார்கள். 'இரண வைத்தியம்' 1867இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் அதிகம். 1873இல் ஊர் திரும்பிய அவர் 1884இல் காலமானார். தமிழர்களுக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்ற கருத்துப்படத் தன் கல்லறையில் எழுதும்படி அவர் கேட்டிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய வைத்தியம் கல்லூரியில் கற்றது. தமிழும் அற்புதமாக நாவில் வந்ததல்ல, எழுத்துக்கூட்டிப் படித்துப் பெற்றது. ஆனாலும் சுகப்படுத்தல், பாஷை, வியாக்கியானம் என்று பவுல் சொன்ன மூன்றும் அந்த ஊழியத்தில் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. மற்றவர்களுக்காகச் செலவிட்டபோது தாலந்து வரமானது.

நேயர்களே, நாம் அகதிகளாக வந்திறங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, டொக்டர் சொன்னதை அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னார்கள். விடுதலைப் பத்திரமும் வாடகைக் கடிதமும் வாசித்துத் தந்தார்கள். அதை நாம் கெட்டித்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். சிலர் தங்களிடம் எந்த வரமும் இல்லை என்று எண்ணிச் சபையின் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது ஊழியம்தான் என்று இந்த ஞாயிறாவது ஒருவருக்குச் சொல்லுங்கள்.