கண்காணிப்பைப் பேசும் ஊடாட்டக் கலை

கேமரா, கணினி, திரை ஆகியவற்றின் துணையுடன், பார்வையாளரின் அசைவுக்கு ஏற்ப மாறும் படைப்பு ஊடாட்டக் கலை எனப்படுகிறது. மனிதர் கண்காணிக்கப்படுவதையே கருப்பொருளாகக் கொண்ட படைப்புகள் இதில் தனி வகையாகும். ஓவியத்தை நாம் பார்க்கிறோம்; இவ்வகைப் படைப்போ நம்மையும் பார்க்கிறது.

பின்னணி

கண்காணிப்பு, கேமராவுக்கு முந்தையது. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் 1791இல் ஒரு சிறைத் திட்டத்தை வெளியிட்டார். வட்டக் கட்டடத்தின் நடுவே ஒரு கோபுரம். அதிலுள்ள காவலரைக் கைதிகள் காண முடியாது. எப்போது பார்க்கப்படுகிறோம் என்பது தெரியாததால் அவர்கள் எப்போதும் அடங்கியிருப்பர் என்பது அவரது கணக்கு. அந்தமானில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையிலும் நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கட்டடங்கள் பிரிந்து சென்றன.

தொடக்கப் படைப்புகள்

அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் 1970இல் ஒரு குறுகிய நடைவழியை அமைத்தார். அதன் கோடியில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ஆளில்லாத நடைவழி தெரியும். மற்றொன்றில் நடப்பவரின் முதுகு தெரியும். கேமரா நுழைவாயிலில் இருந்ததால், பெட்டியை நெருங்க நெருங்க அவரது உருவம் சிறுத்துக்கொண்டே போகும். மைரன் குரூகர் 1970களில் உருவாக்கிய 'வீடியோபிளேஸ்', பார்வையாளரின் நிழலுருவத்தைக் கணினி வழியே திரையில் இயங்கச் செய்தது.

தெற்காசியக் கலைஞர்கள்

வங்காளதேசத்தில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் ஹசன் இலாஹி, 2002இல் டெட்ராய்ட் விமான நிலையத்தில் தடுத்து விசாரிக்கப்பட்டார். அதன் பிறகு, தாம் இருக்கும் இடம், உண்ணும் உணவு முதலியவற்றைப் படமெடுத்துத் தாமே இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்தால் உளவுக்கு மதிப்பேது என்பது அவரது வாதம்.

மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தாவின் 'நிழல்' வரிசைப் படைப்புகள் 2006, 2007ஆம் ஆண்டுகளில் உருவாயின. பார்வையாளரின் நிழலைக் கேமரா பிடித்துத் திரையில் காட்டும். முதலில் அது விளையாட்டுப் போலத் தோன்றும். பிறகு வேறு பொருள்களின் நிழல்கள் மேலிருந்து இறங்கி ஒட்டிக்கொண்டு குவியும். பதிவாகிவிட்ட நம் உருவம் நம் வசம் இருப்பதில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம்.

முக்கியத்துவம்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. கலைக்கூடத்தில் கேமரா முன் நிற்பவர், விரும்பினால் விலகிச் செல்லலாம். கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் அந்த வாய்ப்பு இல்லை. அங்கே பதிவாகும் படத்தை யார் வைத்திருக்கிறார், எவ்வளவு காலம், எதற்காக என்ற கேள்விகளைப் பொதுமக்கள் முன் வைப்பதே இக்கலையின் பயன்.