தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல்வழியும் கடல் கடவாத சரக்குப்பெட்டியும்

தமிழக இருப்புப்பாதை வரலாற்றில் மக்கள் நினைவில் ஆழப் பதிந்த பெயர்களுள் ஒன்று 'போட் மெயில்'. சென்னை எழும்பூரில் புறப்பட்டு இராமநாதபுரக் கடற்கரையை அடைந்து, கப்பலின் துணையோடு இலங்கையைத் தொட்ட அஞ்சல் வண்டிக்கு வழங்கிய பெயர் அது. இப்பெயரே பின்னாளில் ஒரு தவறான கருத்துக்கும் வித்திட்டது. வண்டியே கப்பலில் ஏறிக் கடல் கடந்து, அக்கரையில் இறங்கிக் கொழும்புக்கு ஓடியது என்று தென்மாவட்டங்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். நாளிதழ்ச் சிறப்பிதழ்களிலும் இக்கருத்து அவ்வப்போது தலைகாட்டுகிறது. வண்டி கப்பலில் ஏறவில்லை, மனிதர்கள்தாம் ஏறினர். பெட்டிகளைத் தாங்கிச் செல்லும் கப்பல்கள் உலகின் பல நீர்நிலைகளில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பாக் நீரிணையில் மட்டும் அது ஏன் கைகூடவில்லை என்பது ஆராயத்தக்கது.

பெட்டி ஏற்றும் கப்பல்

தண்டவாளம் பதித்த தளத்தையுடைய கலத்தில் சரக்குப்பெட்டிகளை அப்படியே உருட்டி ஏற்றி, அக்கரையில் உருட்டி இறக்கும் முறை 1850இல் ஸ்காட்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஃபோர்த் கழிமுகத்தில் கிராண்டனுக்கும் பர்ன்டைலண்டுக்கும் இடையே ஓடிய 'லெவியாதன்' என்னும் கலமே இவ்வகையில் முன்னோடி. அதற்கான கரையோர அமைப்பை வகுத்தவர் பொறியாளர் தாமஸ் பௌச். கலத்தைக் கட்டுவதைக் காட்டிலும் அதைக் கரையோடு இணைப்பதே இதில் கடினம். நீர்மட்டம் ஏறி இறங்குந்தோறும் கலத்தின் தளமும் ஏறி இறங்கும். கரையிலுள்ள தண்டவாளமோ அசையாது. இவ்விரண்டுக்கும் நடுவே, நீர்மட்டத்திற்கு ஏற்ப நகரும் இணைப்புப் பாலம் ஒன்றைப் பௌச் அமைத்தார். இதே பௌச் கட்டிய டே பாலம் 1879 டிசம்பர் 28 இரவுப் புயலில் வண்டியோடு இடிந்து வீழ்ந்தது. அவருடைய படகுத்துறையோ 1890இல் ஃபோர்த் பாலம் திறக்கப்படும்வரை பணியாற்றியது. பாலம் கட்டியவராகப் பழிக்கப்பட்டவர், பாலமில்லாமல் கடக்கும் வழி கண்டவராகவும் நினைக்கப்பட வேண்டியவர்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் இம்முறை பெரும் தொழிலாகவே வளர்ந்தது. 1892இல் மிச்சிகன் ஏரியில் 'ஆன் ஆர்பர்' நிறுவனத்தின் கலம் பெட்டிகளுடன் ஏரியின் அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்தது. பெட்டிகளை ஏற்றுவதில் ஓர் ஒழுங்கு தேவை. ஒரே பக்கத் தண்டவாளத்தில் தொடர்ந்து ஏற்றினால் கலம் அப்பக்கம் சாயும். ஆகவே இடமும் வலமும் எடையைச் சமன்செய்தபடியே ஏற்ற வேண்டும். ஏற்றிய பெட்டி அலையில் உருளாதிருக்கச் சக்கரங்களைப் பிணித்து, சங்கிலியால் தளத்தோடு இறுக்குவர். பெட்டிகள் நுழையும் பின்புறம் திறந்தே இருப்பதால் அங்கே கடல்நீரைத் தடுக்கும் கதவு வேண்டும். 1929 அக்டோபர் 22 அன்று 'மில்வாக்கி' என்னும் கலம் புயலில் மூழ்கியபோது வளைந்து உடைந்தது அக்கதவுதான். கலத்தில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. இத்தொழிலின் எச்சமாக இன்றும் மிதக்கும் 'பேட்ஜர்' 1990 வரை சரக்குப்பெட்டிகளைச் சுமந்தது. பின்னர் மோட்டார் வாகனங்களைச் சுமக்கும் கலமாயிற்று.

இந்தியாவிலும் இம்முறை அறியப்படாததன்று. பிரம்மபுத்திராவின் ஒரு கரையில் அமீன்கானும் மறுகரையில் பாண்டுவும் இருந்தன. 1962இல் சராய்காட் பாலம் அமையும்வரை சரக்குப்பெட்டிகள் அங்கே மிதவைகளில் ஆற்றைக் கடந்தன. மழைக்காலத்தில் பல மீட்டர் உயர்ந்து, கோடையில் தாழ்ந்து, கரையையே இடம்மாற்றும் ஆறு அது. அதனோடு ஒப்பிட்டால் பாக் நீரிணை மிக எளிய நீர்நிலை. அங்கே கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. இணைப்புப் பாலத்தைப் பொறுத்தவரை கடினமான இடத்தில் பெட்டிகள் கடந்தன, எளிய இடத்தில் கடக்கவில்லை. எனவே காரணத்தைக் கடலில் அன்றித் தண்டவாளத்தில்தான் தேட வேண்டும்.

இரு அகலங்கள்

இந்தியாவில் முதற்கண் தேர்ந்தெடுக்கப்பட்டது ஐந்தடி ஆறங்குல அகலப்பாதை, அதாவது 1676 மி.மீ. செலவைக் குறைக்கும் நோக்கில் 1870இல் மேயோ பிரபு காலத்து அரசு ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையையும் ஏற்றது. தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் வழிகளுட் பெரும்பாலானவை மீட்டர்பாதையாக அமைந்தன. மதுரையிலிருந்து மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி சென்றதும் அவ்வகையே. இலங்கையோ 1860களில் தன் முதற்பாதையை இட்டபோது மேற்கொண்ட ஐந்தடி ஆறங்குலத்தையே முதன்மை வழிகள் அனைத்திலும் தொடர்ந்தது. மதவாச்சியிலிருந்து மன்னார் தீவைக் கடந்து தலைமன்னார் சென்ற பாதையும் அகலப்பாதைதான்.

இவ்வேறுபாட்டை எண்களால் உணர்த்துவதைக் காட்டிலும் மாதிரிப் பெட்டிகளைக் கொண்டு உணர்த்துவது எளிது. இருப்புப்பாதை மாதிரிகளைச் செய்வோர் உலகெங்கும் பெரிதும் கையாளும் அளவு 87இல் ஒரு பங்கு. அவ்வளவில் மீட்டர்பாதையின் தண்டவாள இடைவெளி ஏறத்தாழ 11.5 மி.மீ.; இந்திய, இலங்கை அகலப்பாதையின் இடைவெளி 19.3 மி.மீ. தனுஷ்கோடியில் நின்ற சரக்குப்பெட்டி ஒன்றின் மாதிரியைத் தலைமன்னார்ப் பாதையின் மாதிரிமீது வைத்தால் சக்கரங்கள் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே விழும். மேலை நாட்டு 1435 மி.மீ. பாதைக்கு உரிய 16.5 மி.மீ. தண்டவாளமே கடைகளில் கிடைப்பதால், இந்திய அகலப்பாதை வண்டிகளின் மாதிரிகளும் பெரும்பாலும் அதன்மீதே ஓடவிடப்படுகின்றன. பெட்டி சரியான அளவிலும் பாதை ஒடுங்கியும் தோன்றும். வரலாற்றுச் சான்றாக மாதிரிகளைக் கொள்வோர் இதனை மனங்கொள்ள வேண்டும். விளையாட்டுப் பொருள் என ஒதுக்கத்தக்கன அல்ல இவை. உடைக்கப்பட்ட கலங்களும் பெட்டிகளும் எவ்வாறு பொருந்தின, எவ்வாறு பொருந்தவில்லை என்பதை ஏட்டிலுள்ள எண்ணைவிடத் தெளிவாகக் காட்ட வல்லன. அதே அளவில் பாம்பன் பாலம் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட சுமார் 35 கி.மீ. கடல்வழி 400 மீட்டராகவும் சுருங்கும்.

அகலம் வேறுபட்டாலும் பெட்டியைக் கடத்த முடியாதா என வினவலாம். பெட்டியைத் தூக்கிச் சக்கரத் தொகுதியை மாற்றும் முறை உண்டு. 1986இல் ஜெர்மனியின் முக்ரானுக்கும் லித்துவேனியாவின் கிளைபேடாவுக்கும் இடையே தொடங்கிய பால்டிக் கடல் வழியில், சோவியத் அகலப் பெட்டிகள் கப்பலில் வந்து முக்ரானில் சக்கரத் தொகுதி மாற்றிக்கொண்டன. ஆயின் அது பெருமுதலும் பெருஞ்சரக்கும் உள்ள இடத்திற்கே கட்டுபடியாகும். கங்கைக்கரையில் மொகாமா காட்டில் அகலப்பாதையும் மீட்டர்பாதையும் சந்தித்த இடத்தில் மேற்கொள்ளப்பட்ட வழி வேறு: ஒரு பெட்டியின் சரக்கை ஆட்கள் தலைச்சுமையாக மறு பெட்டிக்கு மாற்றினர். வேட்டை நூல்களால் அறியப்பட்ட ஜிம் கார்பெட் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அப்பணியை நடத்தியவர். பொறிக்குப் பதிலாகத் தோள் மலிவாகக் கிடைத்த நாட்டில் பொறி தேவைப்படவில்லை. தனுஷ்கோடியிலும் சரக்கு அவ்வாறே பெட்டியிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறியது.

கண்டோன்மெண்டிலிருந்து தலைமன்னாருக்கு

இவ்விரு அகலங்களின் முரணை அன்றைய பயணி ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதற்குப் பெங்களூர் நல்ல எடுத்துக்காட்டு. முன்பு பிளாக்பள்ளி என வழங்கிய இன்றைய சிவாஜிநகர், படைமுகாமைச் சார்ந்து தமிழர் பெருகிக் குடியேறிய பகுதி. அதனை அடுத்துள்ள கண்டோன்மெண்ட் நிலையம் 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த அகலப்பாதையால் திறக்கப்பட்டது. மைசூருக்குச் சென்றதோ மீட்டர்பாதை. ஆகவே பெட்டியிலிருந்து பெட்டிக்குச் சரக்கு மாற்றும் வேலை பெங்களூருக்கும் புதிதன்று.

சிவாஜிநகர்த் தமிழர் ஒருவர் இலங்கை செல்ல விழைந்தால், வழியில் ஓரிடத்திலேனும் அகலப்பாதையை விட்டு மீட்டர்பாதைக்கு மாறியே ஆக வேண்டும். சென்னை வழியாக வந்தால் சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏற வேண்டும். தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் இறங்கினால், அவர் முன் நிற்பது கண்டோன்மெண்டில் விட்டுவந்த அதே ஐந்தடி ஆறங்குலப் பாதை! இரு முனைகளும் ஒத்திருக்க, நடுவிலுள்ள மீட்டர்பாதையே ஒவ்வாததாக நின்றது. கடலைப் பிரிவின் குறியீடாகக் கொள்வது இலக்கிய மரபு. இவ்வழியில் கடலுக்கு முன்னரே பிரிவு தொடங்கிவிட்டது.

1914ஆம் ஆண்டின் வழி

தனுஷ்கோடி வழிக்கு முன்பு இலங்கைப் போக்குவரத்து தூத்துக்குடி வழியாக நடந்தது. அஞ்சல் வண்டி தூத்துக்குடி வரை சென்றது; அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிப் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தோடு போட்டியிட்டது இவ்வழியில்தான். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தொடர்ந்து மார்ச் மாதம் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியதும் அஞ்சல் வண்டி அங்கே திரும்பியது. ஓர் இரவுக் கடற்பயணம் சில மணிநேரமாகச் சுருங்கியது. 2 கி.மீ.க்குச் சற்று மிகுந்த நீளமும், நடுவே கப்பல்களுக்கு வழிவிட இரு புறமும் தூக்கப்படும் ஷெர்சர் முறைத் திறப்பும் உடையது பாம்பன் பாலம். 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்ச்' என ஆட்சித்தலைவர் பெயர் தாங்கிய கலங்களும், பின்னர் 'இர்வின்', 'கோஷன்' ஆகியனவும் இவ்வழியில் ஓடின.

இக்கலங்களில் சென்றோருள் பெரும்பகுதியினர் சுற்றுலாப் பயணிகளோ அரசு அலுவலரோ அல்லர். கங்காணிகளால் திரட்டப்பட்டு மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின்னரே கப்பலேற விடப்பட்டனர். பெட்டியைக் கடத்தும் கப்பலுக்கு அவசரம் ஏற்படாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. இவ்வழியின் முதன்மைச் சுமை உழைப்பாளி மனிதன். அவன் தானே இறங்கி, தானே நடந்து, தானே ஏறிக்கொள்வான். அவனுக்கு இணைப்புப் பாலமும் வேண்டா, பிணிக்கும் சங்கிலியும் வேண்டா.

1964

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என அதில் வகுக்கப்பட்டது. சரக்குப் பட்டியலைப் போல் மனிதரைப் பங்கிட்ட அவ்வொப்பந்தத்தில், அம்மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. எட்டு வாரங்கள் கழியும் முன்னரே, டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி பேரலையில் சிக்க, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் நிலைத்தது. இ.ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையோ மீண்டும் இடப்படவில்லை.

ஆகவே பாட்டன் தனுஷ்கோடியில் கப்பலேறிச் சென்றிருக்க, பேரன் திரும்பி வந்து இறங்கிய கரை இராமேசுவரமாயிற்று. தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல் தாயகம் திரும்புவோரைச் சுமந்து வந்தது. பிறந்த மண்ணை விட்டு, ஒருநாளும் கண்டிராத 'தாயகத்திற்கு' வந்தோர் அவருட் பலர். மண்டபம் முகாம் இம்முறை வந்தோரைத் தங்கவைக்கும் இடமாயிற்று. 1983ஆம் ஆண்டு வன்முறையைத் தொடர்ந்து போர் மூண்டதும் இச்சேவை நின்றது. தலைமன்னார்ப் பாதையும் 1990இல் அழிந்தது.

அதன்பின் நேர்ந்த ஒரு மாற்றம் பெரிதும் கவனிக்கப்படவில்லை. 2007இல் இராமேசுவரம் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. 2015 மார்ச் மாதம் தலைமன்னார்ப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, செங்குத்தாக உயரும் தூக்குப்பகுதி உடைய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே அகலமுள்ள பாதை அமைந்தது 2015இல்தான். 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக் கப்பல்கள் ஓடிய ஐம்பது ஆண்டுகளில் அந்நிலை ஒரு நாளும் இருந்ததில்லை. இராமேசுவரத்தில் நிற்கும் சரக்குப்பெட்டி ஒன்று, சக்கரம் மாற்றாமலே தலைமன்னார்த் தண்டவாளத்தில் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே கப்பல் இல்லை.