இது, அது, தட்

நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சு மொழியில். அரசு வேலைக்கு வந்த பிறகுதான் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதப் பழகினேன். முதல் வருடமே ஒரு தவறு. ஒரு கோப்பு என் மேசையில் இருந்தது. அதே விஷயத்தின் பழைய கோப்பு பதிவறையில். பழையதை அதிகாரிக்கு அனுப்பச் சொல்லி எழுதும்போது ‘தட் ஃபைல்’ என்பதற்குப் பதிலாக ‘திஸ் ஃபைல்’ என்று எழுதிவிட்டேன். வேறு கோப்பு மேலே போய்விட்டது. கண்காணிப்பாளர் கூப்பிட்டார்: “ஏம்ப்பா, இது, அது தெரியாதா உனக்கு?”

பிரெஞ்சில் ‘ஸ’ என்ற ஒரே சொல் ‘இந்த’வுக்கும் வரும், ‘அந்த’வுக்கும் வரும். பிரித்துக் காட்ட வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் ‘ஸி’ அல்லது ‘லா’ சேர்க்க வேண்டும். என் குழப்பம் அங்கே தொடங்கியது.

ஓய்வு பெற்ற பிறகு இந்தத் ‘தட்’டின் கதையைத் தேடிப் படித்தேன். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில், பிரெஞ்சைப் போலவே பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. சுட்டுச் சொல் ஆண்பாலுக்கு ‘ஸே’, பெண்பாலுக்கு ‘ஸேயோ’, இரண்டும் அல்லாததற்கு ‘தட்’. பிறகு பால் வேறுபாடு மறைந்தது. ‘ஸே’ மாறி ‘தி’ ஆயிற்று. ‘தட்’ தூரத்தில் உள்ளதைச் சுட்டும் சொல்லாக நிலைத்தது. ஆக, ‘தி’யும் ‘தட்’டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

சமஸ்கிருதத்தில் இதே வரிசை ஸ, ஸா, தத். இந்த மொழிகளுக்கு ஒரே மூலம் இருக்கலாம் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் பேசினார். மூல மொழியின் ‘த’ ஒலி ஆங்கிலத்தின் கிளையில் எப்படித் திரிந்தது என்பதற்கான விதியை 1822இல் யாக்கோப் கிரிம் விளக்கினார். சமஸ்கிருத ‘த்ரி’, பிரெஞ்சு ‘த்ருவா’, ஆங்கில ‘த்ரீ’ எல்லாம் ஒரே மூன்றுதான்.

ஒலி ஒத்திருக்கிறதே என்று நம் ‘அது’வையும் இதில் சேர்க்க எனக்கு ஆசை வந்தது. சேராது. நம்முடையது வேறு குடும்பம்; அ, இ, உ என்ற சுட்டெழுத்துகளில் பிறந்தது. உகரச் சுட்டு நம் பேச்சில் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது’, ‘உவன்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

கண்காணிப்பாளருக்கு அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இன்று கேட்டால் சொல்வேன்: தெரியும் ஐயா. தமிழில் யோசித்திருந்தால் தவறியிருக்க மாட்டேன், பிரெஞ்சில் யோசித்துவிட்டேன்.